எரிமலைக்குள் மறைந்த வெந்நீர்ப் படிகள்



இம்முறை நாங்கள் பேச எடுத்துக்கொண்டது நியூசிலாந்தின் வடதீவில் உள்ள றொட்டோமகானா ஏரி. 19ஆம் நூற்றாண்டில் இந்த ஏரிக்கரையில் இரண்டு வெந்நீர்ப் படித்தொடர்கள் இருந்தன. ஒன்று வெள்ளை, மற்றது இளஞ்சிவப்பு. உலகின் எட்டாவது அதிசயம் என்று சொல்லி, கப்பலேறி வந்து பார்த்தார்கள்.

அந்தப் படிகளை மனிதர் யாரும் கட்டவில்லை. நிலத்தடியில் கொதிக்கும் நீர் பாறையிலுள்ள சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. வெளியே வந்து ஆறும்போது சிலிக்கா படிந்து இறுகுகிறது. பல நூறு ஆண்டுகள் இப்படிப் படிந்து, படிப்படியாகத் தொட்டிகள் உருவாகின. மக்கள் அவற்றில் குளித்தார்கள்.

அந்த மண்ணுக்குரியவர்கள் துகோறாங்கி என்ற மாவோரி இனக்குழுவினர். 1886 யூன் 10ஆம் திகதி அதிகாலை அருகிலுள்ள தரவேரா எரிமலை வெடித்தது. சுமார் 120 பேர் இறந்தார்கள். தே வைறோவா என்ற கிராமம் சேற்றிலும் சாம்பலிலும் புதைந்தது. வழிகாட்டியாக இருந்த சோபியா என்ற பெண்ணின் வீடு உறுதியாக நின்றதால், அங்கே ஒதுங்கிய 60 பேருக்கு மேல் உயிர் தப்பினார்கள்.

உயிர் தப்பியவர்களில் பலர் வக்கறேவறேவா என்ற இடத்துக்கு இடம்பெயர்ந்தார்கள். அங்கிருந்த உறவுக் குழுவினர் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். சோபியா அங்கேயும் வழிகாட்டித் தொழிலைத் தொடர்ந்தார்.

ஏரி இருந்த இடம் பெரும் பள்ளமாகி, நீர் நிரம்பி, முன்னையதைவிடப் பெரிய ஏரியானது. படிகள் எங்கே இருந்தன என்று காட்ட அடையாளம் எதுவும் எஞ்சவில்லை.

2011இல் ஆய்வாளர்கள் நீருக்கடியில் தானாக ஓடும் கருவிகளை இறக்கி, ஒலியலைகளால் ஏரியின் அடியைப் படமெடுத்தார்கள். படிகளின் பகுதிகள் தெரிவதாக அறிவித்தார்கள். 2017இல் வேறு இருவர் வேறொரு முடிவைச் சொன்னார்கள். ஹொக்ஸ்டெட்டர் என்ற புவியியலாளர் 1859இல் அங்கு சென்று, திசைகாட்டியால் அளந்த கோணங்களைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருந்தார். அதைக் கணக்கிட்டால் படிகள் கரையோர நிலத்தில், 10 முதல் 15 மீற்றர் ஆழத்தில் புதைந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். முதல் ஆய்வாளர்கள் 2018இல் அதை மறுத்து, எஞ்சியவை ஏரியின் அடியில்தான் என்றார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். வெடிப்புக்கு முன் அந்த இடத்தை அளந்து எழுதியவர் அவர் ஒருவர்தான். படம் வரைந்தவர்களும் புகைப்படம் எடுத்தவர்களும் பலர் இருந்தார்கள். ஆனால் இடத்தைத் தேட உதவியது எந்தத் திசையில் எது இருந்தது என்ற குறிப்பே.

எங்கள் வீடுகளிலும் ஊரை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கிணறு எங்கே, ஒழுங்கை எங்கே திரும்புகிறது, வேலிக்கு அப்பால் யார் வளவு என்று அவர்களிடம் கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் வரைந்து, திகதி போட்டு வையுங்கள்.