வில்லுக்கு ஏற்ற மரம் எது?

வில் என்றதும் நமக்கு ராமரும் அர்ஜுனனும் நினைவுக்கு வருவார்கள். இங்கிலாந்துக்காரர்களுக்கோ ஆள் உயர நெடுவில்தான் நினைவுக்கு வரும். 1415-ம் ஆண்டு அஜின்கோர்ட் போரில் பிரெஞ்சுப் படையைச் சாய்த்த வில் அது. இன்றும் அங்கே அதைத் தம் கையாலேயே செய்து எய்து மகிழ்பவர்கள் உண்டு. முதல் வில் செய்ய உட்காருபவரின் முதல் கேள்வி, எந்த மரம் என்பதுதான்.

ஒரு பச்சைக் குச்சியை வளைத்துப் பாருங்கள். வெளிப்புறம் இழுபடும், உட்புறம் நசுங்கும். வில்லும் அப்படியே. தண்டவாளத்தின் அடியில் கிடக்கும் கட்டை, பாரம் தாங்கினால் போதும். வில்லுக்கான மரம் வளையவும் வேண்டும். விட்டதும் துள்ளி நிமிரவும் வேண்டும்.

வெளிறும் வைரமும்

'யூ' என்ற மரத்தில் இந்த இரண்டு குணமும் பிறவியிலேயே இருக்கிறது. அதன் வெளிறு இழுப்பைத் தாங்கும். வைரம் நசுக்கலைத் தாங்கும். ஆகவே வெளிறு முன்பக்கமும், வைரம் எய்பவரைப் பார்த்தும் இருக்கும்படி வில்லைச் செதுக்குவார்கள். நம் ஊர்த் தச்சர் வெளிற்றைச் சீவித் தள்ளுவார். அங்கே அதுதான் வில்லின் உயிர்!

நல்ல யூ கட்டை உள்நாட்டில் போதவில்லை. சரக்கு ஏற்றி வரும் கப்பல்கள் டன்னுக்கு நான்கு வில் கட்டை கொண்டுவர வேண்டும் என்று 1472-ல் சட்டமே போட்டார்கள். 1545-ல் மூழ்கிய 'மேரி ரோஸ்' போர்க்கப்பலை 1982-ல் மேலே தூக்கினார்கள். அந்தக் கப்பலிலிருந்து 130-க்கு மேற்பட்ட முழு வில்கள் கிடைத்தன. எல்லாம் யூ மரம்! கப்பல் மூழ்கிய அதே ஆண்டில் ரோஜர் ஆஸ்கம் வெளியிட்ட 'டாக்ஸோபிலஸ்' நூலும், யூ மரமே மேல், ஆஷும் எல்மும் மட்டம் என்கிறது.

புதியவர்களுக்கு

ஆனால் முதல் வில்லுக்கு ஆஸ்கம் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. யூ விலை அதிகம்; கணுவும் அதிகம். ஆஷ், எல்ம், அமெரிக்க ஹிக்கரி ஆகியவை போதும். பாவம், ஆஷ் மரத்தைப் பூஞ்சை நோய் பிடித்திருக்கிறது. பிரிட்டனில் அது 2012-ல் கண்டுபிடிக்கப்பட்டது.

எந்த மரமானாலும் நேராக, கணுவின்றி, முறுக்கின்றி இருக்க வேண்டும். அறுப்பதைவிடப் பிளப்பது நல்லது. ரேகை ஓடும் வழி தெரியும். வெட்டியதும் இரு முனைகளிலும் பெயிண்டோ மெழுகோ பூசி நிழலில் உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் முனை வெடிக்கும். ஈரம் இருந்தால் வில் வளைந்தபடியே நின்றுவிடும். முன்பக்கத்தில் ஒரே ஆண்டு வளையம் முனைக்கு முனை அறுபடாமல் ஓட வேண்டும். அதை உளி வெட்டிவிட்டால், நாண் இழுக்கும்போது அந்த இடத்தில் சிம்பு கிளம்பும். வில் ஒடிந்து முகத்தில் அடிக்கவும் கூடும். மேரி ரோஸ் வில்களை இழுக்க 100 ராத்தலுக்கு மேல் பலம் வேண்டுமாம். புதியவருக்கு 35, 40 ராத்தல் போதும்.

நம் நாட்டில் யூவைத் தேடி இமயமலைக்குப் போக வேண்டாம். ஜார்க்கண்டின் சந்தால் மக்கள் மூங்கிலில் வில்லும், மூங்கில் சிம்பில் நாணும் செய்கிறார்கள். வெளிநாட்டு வில் தச்சர்களும் வேறு மரத்தின் முன்பக்கத்தில் மூங்கில் பட்டையை ஒட்டுகிறார்கள். மூங்கிலின் வெளித்தோல்தான் இழுப்பைத் தாங்கும் பகுதி. அதைச் சீவாமல், கணுக்களை மட்டும் லேசாகத் தேய்த்துவிடுவார்கள்.