நால்வர் ஆடும் கண்ணாடிக் களம்

பெருநகரொன்றிற் புதிதாகக் குடியேறியவன் முதலில் உணர்வது தனிமையையே. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் மட்றிட் மாநகரிலே அவனுக்கு வீடு கிடைத்துவிடும், தொழிலுங் கிடைத்துவிடும். மாலைப் பொழுதிற் கூடிக் களிப்பதற்கு மூவர் கிடைப்பதோ அத்துணை எளிதன்று. அத்தகையவனுக்கு அந்நகரம் திறந்துவைத்திருக்கும் வாயில்களுள் ஒன்று பாடெல் என்னும் பந்தாட்டம்.

பாடெல் என்றதும் நம் செவி பாடலை நாடும். இஃது இசைக்குரிய சொல்லன்று. துடுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஸ்பானியர் நாவிற் புகுந்து திரிந்த வடிவமே இது. பெயருக்கேற்ப, இவ்வாட்டத்தின் மட்டையுந் துடுப்பின் தகடு போன்றது, நரம்பு பூட்டப்படாதது, துளைகள் பல இடப்பெற்றது.

இவ்வாட்டம் பழமையானதன்று. 1969 ஆம் ஆண்டில் மெக்சிக்கோ நாட்டு அக்கபுல்க்கோ நகரிலே, என்றிக்கே கொர்க்குவேரா என்னுஞ் செல்வர் தம் மனையிற் சுவர் சூழ்ந்த ஆடுகளமொன்றை அமைத்தார். பந்தைத் தடுத்த சுவரே ஆட்டத்தின் உறுப்பும் ஆயிற்று. 1974 இல் அல்பொன்சோ டி ஹோயென்லோஹே என்பார் அதனை ஸ்பெயினின் தென்கரையிலுள்ள மார்பெய்யாவுக்குக் கொணர்ந்தார். 1991 இல் இவ்வாட்டத்துக்கான சர்வதேச சம்மேளனம் மட்றிட்டிலேயே நிறுவப்பெற்றது. செல்வர் மாளிகையிற் பிறந்த ஆட்டம் இன்று அந்நகரின் மாநகரசபை விளையாட்டு நிலையங்களிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் முற்றங்களிலும் ஆடப்படுகின்றது.

களத்தின் நீளம் 20 மீற்றர். அகலம் 10 மீற்றர். நடுவிலுள்ள வலையின் உயரம் மையத்தில் 88 சென்ரிமீற்றர். இரு கோடியிலும் 3 மீற்றர் உயரச் சுவர் நிற்கும். பெரும்பாலும் அது கண்ணாடியாலானது. அதன்மேல் ஒரு மீற்றர் உயரத்துக்குக் கம்பிவலை. புள்ளி எண்ணும் முறை ரெனிஸ் ஆட்டத்தைப் பெரிதும் ஒத்தது. பந்தைத் தொடக்கி அடிப்பவர், அதனை முதலில் நிலத்திற் குத்தி, இடுப்புக்கு மேற்படாத உயரத்தில் அடித்து, குறுக்கேயுள்ள கட்டத்தில் விழச்செய்தல் வேண்டும். எதிரியின் பக்கத்தில் பந்து முதலில் நிலத்தைத் தொடவேண்டும். தொடாது நேரே சுவரிற் பட்டால் அடித்தவர்க்கே இழப்பு. நிலத்தைத் தொட்டபின் சுவரிற் பட்டு மீளும் பந்தை, அது மறுமுறை நிலத்தில் விழுமுன் திருப்பி அடிக்கலாம்.

தொடக்க மாணாக்கனின் இடர்ப்பாடு இங்கேதான் எழுகின்றது. தன்னைக் கடந்து போகும் பந்தைக் கண்டதும், போயிற்றே என்று பதறி அவன் மட்டையை வீசுவான். முன்னரே ரெனிஸ் பயின்றவனுக்கு இப்பதற்றம் இன்னும் மிகுதி. பயிற்றுநர் அவனுக்குக் கற்பிப்பதோ பொறுத்திருத்தலை. உடலைத் திருப்பு, பந்தைப் போகவிடு, சுவர் அதனை உன்னிடந் திருப்பித் தரும், வேகந் தணிந்து வரும்போது அடி என்பதே அப்பாடத்தின் சாரம். தமிழில் விட்டுப்பிடித்தல் என்று ஒரு வழக்குண்டு. பாடெலின் முதற்பாடத்தை அவ்வொரு சொல்லுக்குள் அடக்கிவிடலாம்.

அடுத்துக் கற்க வேண்டியது பந்தை உயரத் தூக்கி எதிரிகளின் தலைக்குமேற் செலுத்துதல். இதனை ஸ்பானியர் குளோபோ, அதாவது பலூன், என்பர். வலையருகே நிற்பவர்க்கே வெற்றிவாய்ப்பு மிகுதியாதலின், அவரைப் பின்னோக்கி ஓடச்செய்யும் இவ்வடி வன்மையான அடிகள் பலவற்றினும் பயனுடையது. அவ்வாறு உயர்ந்து வரும் பந்தை வலையருகு நிற்பவர் மென்மையாக வெட்டி அடிப்பது பந்தேகா எனப்படும். அது தாம்பாளத்தைக் குறிக்குஞ் சொல். பரிமாறுவோன் தாம்பாளம் ஏந்துவது போன்ற கைநிலையால் அப்பெயர் வந்தது. தோள்வலிமையினும் நிதானமே சிறந்தது என்பதை இப்பெயர்களே உணர்த்துகின்றன.

கருவிகள் பற்றியுஞ் சில கூறுவோம். விலையுயர்ந்த மட்டை தொடக்கத்தில் வேண்டுவதன்று. கழகங்கள் பலவற்றில் வாடகைக்கே பெறலாம். வாங்குவதாயின் வட்டவடிவான, பாரங் குறைந்த மட்டையே நன்று. வைரவடிவ மட்டை பயின்ற கைகளுக்கு உரியது. மட்டையின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுதல் விதி. நால்வர் நெருங்கியாடுங் களத்திலே கைநழுவிய மட்டை பிறர்க்கு ஊறு செய்யும். களத்திற் புற்போன்ற விரிப்பின்மேல் மணல் தூவப்பட்டிருக்குமாதலின், வழுக்காத அடியுடைய சப்பாத்து இன்றியமையாதது. மட்றிட்டின் கோடை நண்பகல் கொடியது. ஆகவே காலையிலோ, விளக்கொளியில் இரவிலோ ஆடுதல் தகும்.

இவற்றினும் அரியது மூவரைத் தேடுதல். பாடெல் இயல்பில் இணையாட்டம். ஒருவர் வரத் தவறினால் மற்றை மூவரும் வாளாவிருக்க வேண்டியதே. இக்குறையை நீக்கக் கைத்தொலைபேசிச் செயலிகள் தோன்றியுள்ளன. அவற்றுள் ஒன்றாகிய பிளேரொமிக், ஆடுவோரின் தகுதியை 0 முதல் 7 வரை எண்ணாற் குறிக்கின்றது. முன்பின் அறியாத நால்வர் அதன்வழிக் கூடிக் களத்தை ஒதுக்கி, கட்டணத்தைப் பகிர்ந்து, தொண்ணூறு நிமிடம் ஆடிப் பிரிவர். இங்கே நேர்மை வேண்டும். தன் தகுதியை உயர்த்திக் கூறுபவன் ஏனை மூவரின் மாலைப் பொழுதையுங் கெடுத்துவிடுகின்றான். முற்றும் புதியவன் தன்னைப்போன்ற மூவருடன் குழுப் பாடத்திற் சேர்வதே நேரிய வழி. கல்வியும் துணையும் அங்கு ஒருங்கே கிட்டும்.

களத்திலும் இணைக்கு வேண்டியது பேச்சே. நடுவே வரும் பந்தை நோக்கி ஒருவர் 'மீயா' என்பார். 'என்னுடையது' என்பது பொருள். அல்லது 'தூயா' என்பார். 'உன்னுடையது' என்பது பொருள். இவ்விரு சொற்களையுஞ் சொல்லாத இணை, பந்தை நோக்கி இருவரும் ஓடி மோதும். அல்லது இருவரும் வாளா நிற்கும். ஆர்ஜென்ரீனாவிற் பிறந்த பெர்னாண்டோ பெலாஸ்தெகினும் ஹுவான் மார்த்தின் டியாசும் 2014 வரை பதின்மூன்று ஆண்டுகள் உலகின் முதல் இணையாய் விளங்கினர். தனியொருவரின் ஆற்றல் மட்டும் அத்துணைக் காலம் நின்று நிலைத்தல் இயலுமோ?

குறையுமுண்டு. தனியார் கழகங்களிற் கட்டணம் மிகுதி. அவ்விடங்களில் வறிய இளைஞன் கண்ணாடிக்குப் புறத்தே நின்று காண்பவனாகவே இருத்தல் கூடும். மாநகரசபைக் களங்கள் பெருகும் அளவுக்கே இவ்வாட்டம் யாவர்க்கும் பொதுவாகும். ஆடத் தொடங்குவோனுக்கு நாம் கூறுவது இது: மட்டையைத் தெரிவதில் நாளைப் போக்காது மூவரைத் தேடுக, கடந்துபோகும் பந்தைக் கண்டு பதறாது அது மீளும்வரை காத்திருக்கக் கற்க. 'மீயா' என்னுஞ் சொல் எளிதில் நாவில் வரும். காலமறிந்து 'தூயா' என்று சொல்லி இணைக்கு வழிவிடுபவனையே ஏனையோர் மறுவாரமும் ஆட அழைப்பர்.