முகத்தின் நிறமா, படத்தின் நிறமா?

கல்யாண வீட்டு ஆல்பம் வந்து சேர்ந்ததும் அதைச் சுற்றி உட்கார்ந்து பார்ப்பவர்கள் சொல்லும் முதல் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: “பெண்ணின் நிறம் சரியாக விழவில்லை.” படம் எடுத்தவர் அடுத்த பிரதியில் முகத்தைச் சற்று வெளுக்கச் செய்து கொடுத்துவிடுகிறார். குறை சொன்னவருக்குத் திருப்தி. கேட்டவருக்குத் தொல்லை விட்டது. படத்தில் இருந்த உண்மையான பிழை மட்டும் அப்படியே தங்கிவிடுகிறது.

இந்தக் குழப்பத்துக்கு நம் மொழி வழக்கும் ஒரு காரணம். தமிழில் ‘நிறம்’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலைகள் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ணத்தைக் குறிப்பது ஒன்று. “பையன் நல்ல நிறம்” என்று மேனியின் வெளுப்பைக் குறிப்பது இன்னொன்று. ஒளிப்படக் கலையில் நிறச் சமநிலை என்று கூறுவது முதல் பொருளைச் சார்ந்தது. மாநிறமான ஒருவரை மாநிறமாகவே, ஆனால் வேண்டாத பச்சையோ நீலமோ முகத்தில் படியாமல் காட்டுவதுதான் நிறச் சமநிலை. மேனியை வெளுக்க வைப்பது வேறு காரியம். அதைத் திருத்தம் என்று அழைப்பதே தவறு.

வேண்டாத நிறம் எங்கிருந்து வருகிறது? தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரி வளாகத்தை எடுத்துக்கொள்வோம். 1937-இல் நகரிலிருந்து இங்கு இடம்பெயர்ந்த இக்கல்லூரியின் வளாகம் மரங்கள் அடர்ந்தது. நடுப்பகலில் மரநிழலில் ஒரு நண்பரை நிறுத்திப் படம் எடுத்தால், மோவாய்க்குக் கீழும் கன்னத்தின் ஓரத்திலும் பச்சை படிந்திருக்கக் காண்போம். இலைகளில் உள்ள பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் பெருமளவு உறிஞ்சிக்கொள்கிறது. இலை வழியே ஊடுருவியும் இலையில் பட்டுத் தெறித்தும் வரும் ஒளியில் பச்சையே மிகுதி. கல்யாணப் பந்தலின் வண்ணத் துணியும், வீட்டுச் சுவரின் பச்சைச் சாயமும் செய்வது இதே வேலைதான்.

நேரில் பார்த்தபோது இந்தப் பச்சை ஏன் தெரியவில்லை? நம் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் மூவகைப்பட்டவை. எந்த நிறம் மிகுந்து விழுகிறதோ அதற்குரிய செல்கள் தம் உணர்திறனைக் குறைத்துக்கொள்கின்றன என்று ஜெர்மன் அறிஞர் வான் கிரீஸ் நூறாண்டுகளுக்கு முன்பே விளக்கினார். ஏறத்தாழ 2,800 கெல்வின் நிற வெப்பநிலை கொண்ட குண்டு பல்பின் மஞ்சள் ஒளியிலும், 5,500 கெல்வின் அளவான பகல் வெயிலிலும் வெள்ளை வேட்டி நமக்கு வெள்ளையாகவே தெரிவது இதனால்தான். படச்சுருளுக்கு இந்தத் திறமை கிடையாது. இன்றைய டிஜிட்டல் கேமரா ஒளியின் தன்மையை ஊகித்துத் திருத்த முயல்கிறது. ஊகம் சில சமயம் தவறிவிடுகிறது.

முகத்தில் பச்சை ஏறினால் நோயாளி போலத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தின் ஹீமோகுளோபின் 540, 577 நானோமீட்டர் அளவுள்ள அலைநீளங்களில், அதாவது பச்சையிலும் அதை ஒட்டிய மஞ்சளிலும், ஒளியை நன்கு உறிஞ்சுகிறது. ஆகவே உயிருள்ள முகத்தில் பச்சை சற்றுக் குறைந்தே இருக்கும். மெலனின் என்ற நிறமி நீலத்தைக் குறைக்கிறது. கறுத்தவர், சிவந்தவர் யாராயினும் இவ்விரு பொருள்களே தோலுக்கு நிறம் தருகின்றன. எனவே மனிதத் தோலின் வண்ணம் யாரிடத்தும் செம்மஞ்சளை ஒட்டிய குறுகிய எல்லைக்குள் அடங்குகிறது; பெரிதும் வேறுபடுவது அதன் வெளிச்ச அளவே.

ஆகவே குறை சொல்பவர் முதலில் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: முகம் இருட்டாக இருக்கிறதா, அல்லது வேறு வண்ணம் ஏறியிருக்கிறதா? வண்ணம் என்றால் திசையைச் சொல்லவேண்டும். திசைகள் இரண்டே இணைகளில் அடங்கும்: நீலம்–மஞ்சள், பச்சை–மெஜந்தா. “நன்றாக இல்லை” என்பதைக் கேட்டு எவராலும் எதையும் திருத்த முடியாது. “மோவாய்க்குக் கீழே பச்சை சற்று மிகுதி” என்றால் அரை நிமிடத்தில் திருத்தலாம்.

சான்றுக்குப் படத்திலேயே நடுநிலையான ஒரு பொருளைத் தேடுவது நல்லது. நெற்றியில் பூசிய விபூதி இதற்கு மிக வசதியானது. விபூதியில் நீலம் தெரிந்தால் முகத்திலும் நீலம் ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். வெள்ளை வேட்டியை நம்பக் கூடாது. சலவையில் போட்ட சொட்டு நீலம் அதில் இருக்கும். மஞ்சள் பூசிக் குளித்த முகம் படத்தில் மஞ்சளாக இருந்தால் அது பிழையே அன்று! தொழில்முறைக் கலைஞர்கள் 18 சதவீத ஒளியைத் திருப்பும் சாம்பல் நிற அட்டையை முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்வது இந்தச் சந்தேகங்களைத் தவிர்க்கத்தான்.

ஆனால் அளவுகோலே ஒருபக்கமாக இருந்துவிட்டால்? கோடக் நிறுவனம் படங்களை அச்சிடும் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பிவந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கருதப்பட்டது. கறுத்த முகங்களின் நுட்பங்கள் இருட்டில் மறைந்தன. பள்ளிப் படங்களைப் பார்த்த கறுப்பினத் தாய்மார்கள் குறை கூறினர். கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் இவ்வரலாற்றை எழுதினார். கோடக்கை அசைத்தது பெரும்பாலும் தாய்மார்களின் குரலன்று. தம் பண்டங்களின் பழுப்பு வேறுபாடுகள் படத்தில் தெரியவில்லை என்று முறையிட்ட சாக்லேட், மரச்சாமான் உற்பத்தியாளர்களின் குரல்தான் என்று அவர் காட்டுகிறார். சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

குறையைக் கேட்பவருக்கும் சில கடமைகள் உண்டு. படத்தை எந்த ஒளியில் பார்த்தீர்கள் என்று முதலில் விசாரிக்க வேண்டும். இரவில் கைப்பேசித் திரை தானே மஞ்சளாகும்படி அமைத்திருந்தால், அதில் எந்த முகமும் மஞ்சளாகத்தான் தெரியும். அச்சுப் பிரதியைப் பகலில் ஜன்னலோரம் வைத்துப் பார்ப்பது நல்லது. அடுத்து, ஒரே முகத்தைச் சற்று நீலமாக, மஞ்சளாக, பச்சையாக, மெஜந்தாவாக மாற்றி, மூலப்படத்தைச் சுற்றி அடுக்கிக் காட்டலாம். நிறத்தை நினைவில் வைப்பதில் மனிதர் தேர்ந்தவரல்லர். பக்கத்தில் பக்கமாக ஒப்பிடுவதில் வல்லவர். பெயர் சொல்லத் தெரியாதவரும் விரலால் தொட்டுக் காட்டிவிடுவார். நெடுநேரம் திரையைப் பார்த்துத் திருத்தியவரின் கண் அந்தத் தவறான நிறத்துக்கே பழகியிருக்கும். அவர் பத்து நிமிடம் வெளியே உலவிவிட்டு வந்து மீண்டும் பார்க்கவேண்டும்.

எவ்வளவு சரியாகக் குறை சொன்னாலும் திருத்த இயலாத படங்களும் உண்டு. முன்பு தெருக்களில் மிகுதியாக எரிந்த சோடியம் ஆவி விளக்கின் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சளே. அதில் நீலம் மிகச் சொற்பம். முகத்தில் விழாத நிறத்தைப் பிறகு எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. அத்தகைய படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றித் தருவதே உசிதம்.