படலையிலிருந்து கிணற்றடிவரை

அரியாலை மாம்பழம் சந்திக்குச் சற்று உள்ளே ஓர் ஒழுங்கை. காலை ஐந்தரை மணி. பூட்டிய படலைக்குள் ஓர் அக்கா நடந்துகொண்டிருக்கிறார். படலையடியிலிருந்து கிணற்றடிக்கு நாற்பது அடி, திரும்ப நாற்பது. ஒரு சுற்று முடிய ஒரு புளியங்கொட்டை பால்மா ரின்னுக்குள் விழுகிறது. ரின்னை வேலிக் கதியாலில் தோள் உயரத்துக்குக் கட்டிவைத்திருக்கிறார். இடது மார்பை எடுத்து ஒன்றரை வருடமாகிறது. அந்தக் கை விறைத்துவிடாமல் இருக்க, இடது கையை உயர்த்தித்தான் கொட்டையைப் போடுகிறார். முப்பது கொட்டை, அரை மணித்தியாலம்.

"ஒழுங்கையில நடக்கலாமே அக்கா?"

"நடந்தனான் பிள்ளை. நாலாம் நாள், 'இந்த உடம்போட ஏன் அலையிறாய், போய்ப் படு' எண்டு சொல்லிப்போட்டினம். பிறகு நான் வெளிக்கிடேல்லை."

அவர் கிளினிக்குக்குப் போகும் தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவு நடைப்பணத்தில் எழுந்தது. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 27 நாட்கள் நடந்து திரட்டிய நிதியில் கட்டி, 2013இல் திறந்தார்கள். நடந்து கட்டிய இடத்திலிருந்து வீடு திரும்பும் பெண்களைத்தான் நாங்கள் படுக்கச் சொல்கிறோம்.

2005இல் வெளிவந்த அமெரிக்கத் தாதியர் ஆய்வு, மார்பகப் புற்றுநோய் வந்த ஏறத்தாழ 3,000 பெண்களைப் பின்தொடர்ந்தது. வாரத்துக்கு 3 முதல் 5 மணித்தியாலம் சாதாரண வேகத்தில் நடக்குமளவு உடலை அசைத்தவர்களுக்கு, அந்நோயால் இறக்கும் ஆபத்து அசையாதவர்களைவிடப் பாதியளவே இருந்தது. நலமாக இருப்பவர்தானே நடப்பார் என்று மறுப்பவர்களும் உண்டு. அக்காவின் முப்பது கொட்டையை வாரத்துக்குக் கூட்டினால் மூன்றரை மணித்தியாலம்.

மனஅழுத்தம் கூடாது என்றும் சொல்கிறோம். ஆனால் செம்மணிக்குப் பக்கத்தில் வாழ்கிற பெண்ணிடம் "மனதை அமைதியாக வைத்திரும்" என்று எந்த வாயால் சொல்வது? 1995 ஒக்டோபர் 30 இரவு போரில் யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு வெளிக்கிட்டு நடந்த தலைமுறை இது. 2025இல் அந்தச் செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தைத் தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் வந்ததையும் பார்த்தது. துக்கம்தான் புற்றுநோயைக் கொண்டுவந்தது என்று சொல்ல உறுதியான சான்று இல்லை. அப்படிச் சொல்லி யாரையும் நோகடிக்க வேண்டாம். ஆனால் 2010இல் எலிகளில் செய்த ஆய்வில், ஓயாத அழுத்தம் மார்பகப் புற்றை மற்ற உறுப்புகளுக்கு 30 மடங்கு பரப்பியது. அதிரினலின் வகைச் சுரப்புகளின் வேலை அது. அந்தச் சமிக்ஞையை மருந்தால் மறித்தபோது பரவல் அடங்கியது.

அதே சுரப்பு நடையிலும் ஏறும், ஏறி இறங்கிவிடும். 2017இல் டென்மார்க்கில், உடற்பயிற்சி செய்த பெண்களின் குருதிப் பாயத்தில் வைத்த மார்பகப் புற்றுக் கலங்கள் வீரியம் குறைந்தன. அங்கே வேலைசெய்ததும் அதிரினலின்தான். இதைப் படித்த நாளிலிருந்து அந்தப் பூட்டிய படலை என் நெஞ்சில் உறுத்துகிறது.

சத்திரசிகிச்சையில் கொடுக்கும் மயக்க மருந்தால் நோய் திரும்புமா என்றும் பெண்கள் கேட்கிறார்கள். 2019இல் 2,100க்கு மேற்பட்ட பெண்களிடம் முழு மயக்கத்தையும் முதுகுப்புற நரம்பு விறைப்பையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் நோய் திரும்பியது ஏறக்குறைய 10 வீதம்தான். ஆனால் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் தலைமையில் இந்தியாவின் 11 மையங்கள் செய்த ஆய்வு 2023இல் வந்தது. கத்தி வைப்பதற்கு 7 முதல் 10 நிமிடத்துக்கு முன், கட்டியைச் சுற்றி லிடோகெயின் ஏற்றினார்கள். பல் பிடுங்கும்போது போடுகிற அதே விறைப்பூசி. ஐந்தாண்டு உயிர்வாழ்வு 90.1 வீதம், ஊசி போடாதவர்களில் 86.4. விலை மலிந்த மருந்து. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் வைத்தியரிடம் கேட்டுப்பார்க்கலாம்.

அந்த ஊசி ஒருநாள் வேலை. நடை மிச்ச வாழ்நாள் முழுவதுக்கும். பின்னேரங்களில் எங்கள் மைதானங்கள் பந்தடிக்கும் பெடியங்களால் நிறைந்திருக்கும். விடியற்காலையில் வெறுமையாகவே கிடக்கும். இந்தப் பெண்கள் நடக்க ஒரு மணித்தியாலத்துக்கு வாசலைத் திறந்து, ஒரு விளக்கைப் போட்டு, தெருநாய்களைக் கலைக்க ஒருவர் நின்றால் போதும்.

அக்காவிடம் சொன்னேன். கடைசிக் கொட்டையைப் போட்டுவிட்டு, ரின்னை அவிழ்த்துக் கையில் எடுத்தார்.

"வருவன் பிள்ளை. பின்வளவு மச்சாளுக்கும் போன மாசம் ஒப்பிறேசன். அவவையும் கூட்டிக்கொண்டு வருவன்."