வியாபாரம் மந்தமான நாட்களில் மனம் தளராமல் இருக்க...

இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் "வியாபாரமே இல்லை" என்ற பேச்சுதான். கோட்டாறு கடைத்தெருவானாலும் சரி, தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல் ஆனாலும் சரி, பலசரக்கு, துணி, செருப்பு, பாத்திரம் என எதை விற்பவரும் இதையே சொல்கிறார். "தைரியமாக இருங்கள், எல்லாம் சரியாகும்" என்று நாமும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். மாதக் கடைசியில் வாடகையும் கரண்டு பில்லும் மொத்த வியாபாரியின் பாக்கியும் ஒன்றாக வந்து நிற்கும்போது, வெறும் தைரியம் எதற்கும் உதவுவதில்லை.

நம் மாவட்டத்தில் கடைக்கு வரும் பணம் ரப்பர், மீன், தேங்காய், வாழை, வளைகுடாச் சம்பளம் ஆகியவற்றிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டியிருந்த ரப்பர், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்துக் கடைகளின் கல்லாவும் கூடவே இறங்கியது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த இரண்டு மாதமும் குளச்சல் கடைத்தெரு வாடித்தான் கிடக்கும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. 2020 ஏப்ரல் இறுதியில் தொடங்கிய ரமளான் முழுவதும் ஊரடங்கிலேயே கழிந்தது. பெருநாள் விற்பனையை நம்பி முன்கூட்டியே துணி எடுத்து வைத்திருந்தவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

ஆகவே முதலில், மந்தம் எந்த வகை என்று பார்க்க வேண்டும். மீன்பிடித் தடையால் வந்த மந்தம் ஆகஸ்டில் விலகும், அதற்குக் காத்திருக்கலாம். வாடிக்கையாளர் செல்போனில் ஆர்டர் போடப் பழகிவிட்டதால் வந்த மந்தம் தானாக விலகாது. அங்கே பொறுமை என்ற பெயரில் சும்மா இருப்பது சரக்கைத் தூசி பிடிக்க விடுவதுதான்.

அடுத்தது கணக்கு. பயத்தில் பாதி, தொகை தெரியாததால் வருவது. வாடகை, கரண்டு, ஆள் கூலி எல்லாம் சேர்ந்து மாதம் 30,000 ரூபாய் என்று வையுங்கள். 26 நாள் கடை திறந்தால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 1,150 ரூபாய். நூற்றுக்கு 15 ரூபாய் லாபம் நிற்கும் சரக்கானால், நாளொன்றுக்குச் சுமார் 7,700 ரூபாய்க்கு விற்றால் கடை கைப்பிடிப்பு இல்லாமல் ஓடும். வீட்டுச் செலவு அதற்கு மேல்தான். இப்போது 6,500 ரூபாய்க்குத்தான் விற்கிறது என்றால், உண்மையான குறை நாளுக்கு 180 ரூபாய், மாதத்துக்கு 4,700 ரூபாய்க்குள். "தொழிலே போச்சு" என்று இரவெல்லாம் விழித்துக் கிடப்பதை விட, இந்த 4,700 ரூபாயை எங்கே குறைக்கலாம், எதை விற்று ஈட்டலாம் என்று யோசிப்பது எளிது. கல்லாவில் கையை விட்டு வீட்டுக்கு எடுப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒருநாளும் கிடைக்காது.

பற்று இன்னொரு தலைவலி. தெரிந்தவர், சொந்தக்காரர், ஜமாஅத்துக்காரர் என்று முகத்துக்காகக் கொடுத்துவிட்டு எழுதாமல் விடுகிறோம். குர்ஆனின் மிக நீளமான வசனமே (2:282) கடனை எழுதி வைப்பது பற்றியதுதான். அதற்குச் சற்று முன்னே 2:280, சிரமத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. எழுதுவதும் அவகாசம் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரல்ல. தேதி போட்டு எழுதியிருந்தால்தான் கோபமில்லாமல் கேட்கவும் முடியும்.

நேந்திரங்காய் சிப்ஸ் போட்டோ, துணி தைத்தோ பெரிய நிறுவனங்களுக்குக் கொடுப்பவர்கள் உத்யம் பதிவை முன்பே செய்துகொள்வது நல்லது. பதிவு இலவசம், இதற்கென்று ஆயிரக்கணக்கில் வாங்கும் ஏஜெண்டுகளிடம் ஏமாற வேண்டாம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் அவர்கள் பணம் கொடுத்தாக வேண்டும். வாங்கி விற்கும் கடைகளுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

கடைசியாக, பேசத் தயங்குகிற விஷயம். வட்டி என்பதால் வங்கிப் பக்கமே போகாதவர், நெருக்கடி முற்றியதும் மீட்டர் வட்டிக்காரரிடம் போய் நிற்பதைப் பார்க்கிறோம். இதை என்ன சொல்வது! கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். அந்த நிலைக்குப் போகும் முன்பே கட்டிட உரிமையாளரிடமும் மொத்த வியாபாரியிடமும் நேரில் போய்த் தவணை கேளுங்கள். போனை எடுக்காமல் ஒளிந்தால்தான் நம்பிக்கை போகும். வீட்டில் மனைவியிடமும் உள்ளதைச் சொல்லுங்கள். செலவைக் குறைக்கும் வழி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

சில ஜமாஅத்களின் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது. தொகை சிறியதுதான், ஆனால் நாம் மேலே பார்த்த 4,700 ரூபாய்க் குறையைச் சில மாதம் தாங்க அது போதும். உங்கள் மஹல்லாவில் அப்படி ஒன்று இல்லையென்றால், வரும் ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகிகளிடம் அந்தப் பேச்சை எடுங்கள்.