நடத்தைப் பயிற்சியும் நன்னெறியும்

வெள்ளெலிக்கு நெம்புகோலை அழுத்தக் கற்பிப்பது எப்படி என்று கேட்டால், நம் விஞ்ஞான வகுப்பு மாணவர் எவரும் உடனே விடை சொல்லிவிடுவர். அழுத்தியதும் ஒரு துணுக்குத் தீனி, அவ்வளவுதான். ஒரு செயலைத் தொடர்ந்து விரும்பத்தக்க விளைவு வருமாயின் அச்செயல் வளரும். விளைவு நின்றுபோனால் தேயும். அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் 1938ஆம் ஆண்டிலேயே இதை விளக்கி நூல் எழுதினார். நானும் தேர்வில் இதை எழுதி மதிப்பெண் பெற்றவன்தான். எலிக்குப் பதிலாக ஒரு குழந்தை எதிரே உட்கார்ந்தபோதுதான், நான் படித்தது போதாது என்று தெரிந்தது.

கோர்படியில் இரயில் பாதைக்கு அருகே எங்கள் வீடு. அடுத்த வீட்டுச் சிறுவனுக்கு வயது ஆறு, ஆட்டிசம் உடையவன், பேச்சு மிகக் குறைவு. அவனை ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்த்தார்கள். (எந்த நிலையம் என்பது இங்கு வேண்டாம்.) தாகம் எடுத்தால் ‘பானி’ என்று சொல்ல அங்கே கற்பித்தனர், சொன்னால் ஒரு பிஸ்கோத்து. சில வாரங்களில் சொல்லவும் சொன்னான். ஆனால் வீட்டிலிருந்த பாட்டியோ வேலூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். பேரன் ‘பானி, பானி’ என்றதும் சமையலறைப் பானையைத் தூக்கிக் காட்டினார்! பையன் தன் கையைக் கடித்துக்கொண்டான். அன்று முதல் நிலையத்திலும் கடிக்கலானான். அங்கே அதற்கு ‘அடம்’ என்று பெயரிட்டு, சுவரைப் பார்த்து உட்கார வைத்தனர், சிற்றுண்டியையும் நிறுத்தினர்.

நண்பர்களே, கடித்தல் அவனுக்கு ஒரு பேச்சு அன்றோ? நடத்தை மருத்துவத்தின் முதற் பாடமே இதுதான்: ஒரு செயலை மாற்றப் புகுமுன் அது எதற்காக நிகழ்கிறது என்று பார்க்க வேண்டும். பசியா, பல்வலியா, கடினமான பாடத்திலிருந்து தப்பவா, யாரேனும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றா? காரணம் அறியாமல் தண்டித்தால் செயல் அடங்கலாம், தேவை அடங்காது.

பயிற்சி தந்த பெண் கொடியவர் அல்லர். சிறுவனுக்குத் துணையாக நான் மூன்று வாரம் சென்று பார்த்தேன். காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை குழந்தை மாற்றிக் குழந்தை. ஐயம் கேட்க மூத்தவர் ஒருவரும் இல்லை. அலுத்துப்போன கைக்குத் தண்டனையே எளிய கருவியாக அகப்படுகிறது. நன்னெறி வேறு, நிலையத்தை நடத்தும் முறை வேறு என்று எண்ணியிருந்த எனக்கு, இரண்டும் ஒன்றே என்று அங்கேதான் புரிந்தது.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றி எரிந்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலை அறவே தடுக்கிறது. தண்டனையாக ஒருவரைக் கட்டிவைக்கலாகாது என்பதோடு, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கட்டிவைக்கலாகாது என்று அது கூறுகிறது. மனநல நிலையங்களுக்கான சட்டமே எனினும், அந்த இரண்டாம் வாசகத்தை எல்லாப் பயிற்சி நிலையத்தாரும் படிப்பது நன்று.

இத்துறையின் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி. ஒன்பது பேர் சாதாரணப் பள்ளியில் தேறினர் என்றார். அதில் அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன என்பதைப் பலர் சொல்வதில்லை. வாரம் 40 மணி நேரத்திற்குக் கட்டணம் செலுத்த நம் குடும்பங்களில் எத்தனை பேரால் இயலும்?

இதற்கு மாறான வழியொன்று அருகிலுள்ள கோவாவிலேயே சோதிக்கப்பட்டது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலுமாக 65 குழந்தைகள். முடிவு 2016இல் வெளிவந்தது. நிபுணர் அல்லாத சுகாதார ஊழியர், பயிற்சி பெற்று, 12 அமர்வுகளில் பெற்றோருக்குக் கற்பித்தனர். தாயும் குழந்தையும் விளையாடுவதைப் படம் எடுத்து, அதையே அவருக்குக் காட்டிப் பேசினர். குழந்தைகள் தாமாகவே பேச்சுறவைத் தொடங்குவது கூடியது. எல்லாக் குறையும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் கற்றது வீட்டு மொழியிலேயே, வீட்டிலேயே தங்குகிறது. நம் பாட்டியின் பானையை நினைத்துக்கொள்ளுங்கள்!

பெற்றோர் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சிறப்புக் கல்வி ஆசிரியரும் மருத்துவ உளவியலாளரும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும். பதிவெண் கேட்பது அவமதிப்பு ஆகாது.

சிறுவன் இப்போது வேறிடம் போகிறான். புதிய ஆசிரியை முதலில் கற்பித்த சொல் ‘தண்ணி’ அன்று, ‘வேண்டாம்’. அதைச் சொன்னால் பாடத்தை உடனே நிறுத்துகிறார். சென்ற ஞாயிறு நான் பட அட்டைகளை எடுத்துக்கொண்டு போனேன். என்னைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், “வேண்டாம்” என்றான். மூட்டை கட்டிவிட்டு, இருவரும் இரயில் பார்க்கப் போனோம்.