வரப்பில் தீ வைக்காதீர்: காய்ந்த புல்லும் புகையும் சொல்லும் சேதி

மாசி, பங்குனியில் திருவண்ணாமலை மலையில் தீப்பிடிப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். வேங்கிக்கால் சுற்றுவட்டாரத்தில் வரப்புப் புல்லுக்கும் கரும்புச் சோகைக்கும் வைக்கும் தீ, காற்றடித்தால் பக்கத்து வயலுக்கும் மலைப்புல்லுக்கும் தாவிவிடும்.

எது எப்போது காயும்?

காட்டுத்தீ ஆய்வாளர்கள் எரியும் பொருளைப் பருமனை வைத்துப் பிரிக்கிறார்கள். 6 மி.மீ.க்குக் குறைவான புல், சருகு, சோகை போன்றவை காற்றின் ஈரத்துக்கு ஏற்ப சுமார் 1 மணி நேரத்தில் மாறிவிடும். விரல் பருமன் குச்சிக்கு சுமார் 10 மணி நேரமும், 25 முதல் 75 மி.மீ. வரையுள்ள கிளைக்கு சுமார் 100 மணி நேரமும் ஆகும். எனவே, நேற்று மழை பெய்ததே என்று நம்ப வேண்டாம். காலையில் பனியில் நனைந்த புல் மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஒரு புல்லை மடக்கிப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் சிறு பொறியே போதும்.

சரிவில் தீ மேல்நோக்கி வேகமாக ஏறும். கீழே எரியும் தீயின் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைப்பதே காரணம். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

ஈரமாக இருக்கும்போது எரிக்கலாமா?

அதுவும் கூடாது. ஈரமான புல் சரியாக எரியாமல் வெண்புகையாகக் கிளம்பும். காற்றில்லாத இரவில் அந்தப் புகை மேலே போகாமல் ஊருக்குள்ளேயே தங்கும். அதிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்லும். குழந்தைகள், முதியோர், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து.

என்ன செய்யலாம்?

* கரும்புச் சோகையைப் பார்களுக்கு இடையில் மூடாக்காகப் பரப்புங்கள். ஈரம் நிற்கும், களை குறையும்.
* வரப்புப் புல்லைக் காயும் முன்பே அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். மீதியை எருக்குழியில் மக்க விடுங்கள்.
* மலையை ஒட்டிய நிலமானால், ஓரத்தில் 10 அடி அகலத்துக்குப் புல், சோகை இல்லாமல் மண் தெரியச் செதுக்குங்கள்.
* பீடி, சிகரெட் துண்டை அணைக்காமல் வீசாதீர்கள்.

காட்டுத்தீயைச் செயற்கைக்கோள் மூலம் கண்டறிந்து, பதிவு செய்தவர்களின் கைபேசிக்கு இந்திய வன ஆய்வு நிறுவனம் தகவல் அனுப்புகிறது. ஆனால் செயற்கைக்கோள் கடந்து செல்லும்போதுதான் தீ அதன் கண்ணில் படும். வயலில் நிற்கும் நீங்கள் அதற்கு முன்பே புகையைப் பார்த்துவிடலாம். பார்த்தவுடன் தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112 எண்ணில் தெரிவியுங்கள். தனியாகச் சரிவில் ஏறி அணைக்க முயல வேண்டாம்.